கட்டப்போகிற பணத்தை எந்தத் தேதியில் கணக்கெடுக்கிறீர்கள்?

இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும், சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் சேலத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். எட்டு வருடமாக என்னிடம் ஒரே ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது, லிமிட் 40,000 ரூபாய். இத்தனை வருடத்தில் ஒரு மாதம்கூடப் பணம் கட்டத் தவறியதில்லை. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகையை, மட்டும் கட்டி மீதியைத் தள்ளிப்போட்டதும் இல்லை.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்தோம். கையில் இருந்த பணத்தை வீட்டு மனைக்கு முன்பணமாகக் கொடுத்திருந்ததால் 34,000 ரூபாயைக் கார்டில் தேய்த்தேன். பில் 12ஆம் தேதி வந்தது. கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 1ஆம் தேதி. சம்பளம் வந்ததும் 30ஆம் தேதியே முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். ஆனால் வங்கியில் என் வீட்டுக் கடன் கோப்பை எடுத்து ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று கடன் தகவல் நிறுவனங்கள் போடும் மதிப்பெண், பார்த்தது 27ஆம் தேதி. ஜனவரியில் நான் பார்த்தபோது 771 இருந்தது, அன்றைக்கு 738. அந்த வங்கியில் 750க்குக் கீழே போனால் வட்டி கால் சதவீதம் கூடும். "கார்டை ரொம்ப யூஸ் பண்ணியிருக்கீங்க சார், அதான்" என்றார் கோப்பைப் பார்த்தவர். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, திரையில் தெரிந்ததைச் சொன்னார்.

கால் சதவீதம் என்பது சின்னத் தொகை இல்லை. 30 லட்சம் ரூபாயை 20 வருடத்துக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,035. அதுவே 8.75 என்றால் சுமார் 26,510. மாதம் 475 ரூபாய்தானே என்று தோன்றும். வட்டி அப்படியே நின்றால் 20 வருடத்தில் ஒரு லட்சத்துப் பதினான்காயிரம்.

வீட்டுக்கு வந்து, அந்த ஸ்கோருக்குப் பின்னால் இருக்கும் என் கடன் அறிக்கையை இறக்கி வரி வரியாகப் படித்தேன். லிமிட் 40,000. நிலுவை 34,000. தவறிய தொகை பூஜ்யம். மூன்று வருடத்துக்கு மாதம் மாதமாகத் தாமத நாட்களைக் காட்டும் கட்டங்களில் எல்லாம் 000. ஸ்கோர் இறங்க வேறு காரணமும் இருந்திருக்கலாம், உங்கள் கணக்கு முறை முழுவதும் வெளியில் தெரியாது. ஆனால் ஜனவரி அறிக்கைக்கும் இதற்கும் நடுவில் மாறியிருந்தது அந்த நிலுவை வரி ஒன்றுதான். நாற்பதுக்கு முப்பத்து நான்கு என்றால் 85 சதவீதம். லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்திருங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். அது சட்டம் இல்லை, நடைமுறைக்குச் சொல்லும் ஓர் அளவு, அவ்வளவுதான்.

லிமிட்டை நெருங்கிச் செலவு செய்கிறவர் கைக்கு நெருக்கடியாக இருக்கலாம், அவருக்குக் கடன் கொடுக்கிறவர் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை. இதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. இன்னொருவரும் அதே 34,000 நிலுவை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஐந்து சதவீதம் மினிமம் டியூவாக 1,700 ரூபாய் மட்டும் கட்டி, மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் தாமதக் கட்டத்தில் 000தான் வரும். நிலுவையும் கிட்டத்தட்ட அதே தொகைதான். உங்கள் அறிக்கையில் அந்த ஒரு நாளில் அவரும் நானும் ஒரே ஆள். கட்டிய தொகையைக் காட்டவும் அறிக்கையில் ஓர் இடம் இருக்கிறது. என் அறிக்கையில் அது காலியாக இருந்தது. அந்த ஓரிடம் நிரம்பியிருந்தால் மாதா மாதம் முழுதாகக் கட்டுகிறவன் நான் என்று யாருக்கும் தெரிந்திருக்கும்.

இதில் அடிபடுகிறவர் பெரும்பாலும் சின்ன லிமிட் வைத்திருப்பவர். இதே 34,000 ரூபாயை ஐந்து லட்சம் லிமிட் உள்ளவர் தேய்த்திருந்தால் அது ஏழு சதவீதம்கூட ஆகாது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே தொகை, ஒரே மாதிரி கடைசி நாளுக்கு முன்பே கட்டியிருக்கிறோம். அவர் ஒழுங்கானவர் என்றும் நான் சந்தேகத்துக்கு உரியவன் என்றும் கணக்கு சொல்கிறது. லிமிட்டைத் தீர்மானித்தது வங்கி, நான் இல்லை.

என்னுடன் வேலை செய்யும் ஒரு அக்கா வைத்திருந்தது இரண்டு கார்டு, ஒவ்வொன்றிலும் 50,000. வீண் செலவு வேண்டாம் என்று ஒன்றை மூடினார். மாதம் 25,000 செலவு செய்கிறவருக்கு அதுவரை 25 சதவீதமாக இருந்தது, மூடியதும் 50 ஆகிவிட்டது. சிக்கனமாக இருக்க நினைத்தவருக்கு இப்படி ஆகும் என்று மூடும்போது யாரும் சொல்லவில்லை.

நீங்கள் செய்த நல்ல காரியங்களையும் சொல்லத்தான் வேண்டும். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினீர்கள், அது இல்லாவிட்டால் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன். தவறைத் திருத்தக் கேட்டு 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று 2023 அக்டோபரில் சொன்னீர்கள். 2025 ஜனவரி 1 முதல், வங்கிகளிடமிருந்து கடன் தகவல் நிறுவனங்களுக்கு மாதத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டிருந்த விவரம் 15ஆம் தேதி நிலவரப்படியும் மாதக் கடைசி நிலவரப்படியும் இரண்டு முறை போக வேண்டும் என்று மாற்றினீர்கள். அதனால் கட்டிய பணம் முன்பைவிடச் சீக்கிரம் அறிக்கையில் ஏறுகிறது. என் ஸ்கோரும் அப்புறம் ஏறிவிட்டது, ஆனால் அதற்குள் கடன் பத்திரத்தில் கையெழுத்து ஆகிவிட்டது.

அந்த 15ஆம் தேதியைப் பற்றி என் கார்டு பில்லில் ஒரு எழுத்துகூட இல்லை. பில் தேதி இருக்கிறது, கடைசி நாள் இருக்கிறது, மினிமம் டியூ மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கைகூட இருக்கிறது. எந்தத் தேதி நிலுவை வெளியே போகிறது, போவது அன்றைய நிலுவையா கடைசி பில் தொகையா என்பது மட்டும் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை கேட்டேன், மூன்று விதமாகப் பதில் வந்தது. விவரம் தெரிந்தவர்கள் பில் போடுவதற்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டி நிலுவையைக் குறைத்துவிடுகிறார்கள். கடைசி நாளுக்குள் கட்டினால் போதும் என்று பில்லில் அச்சடித்ததை நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். என் சம்பளமே கடைசியில்தான் வருகிறது, ஆனாலும் தெரிந்திருந்தால் அண்ணனிடம் கைமாற்று வாங்கியாவது 14ஆம் தேதி கட்டியிருப்பேன்.

ஆகவே ஆளுநர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கார்டு பில்லிலும், கடைசி நாளுக்குப் பக்கத்திலேயே, "இந்தத் தேதியில் உள்ள நிலுவை கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும்" என்று ஒரு வரி அச்சிட வையுங்கள், தமிழ் உட்பட வாடிக்கையாளர் படிக்கும் மொழியில். கட்டிய தொகையை வங்கிகள் நிரப்பாமல் அனுப்பினால் அந்த விவரத்தை ஏற்காதீர்கள். வங்கி தானாக லிமிட்டைக் குறைக்கும்போது இப்போது தகவல் வருகிறது. அந்தத் தகவலிலேயே, இதே செலவுக்கு இனி உங்கள் சதவீதம் இவ்வளவு ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். கார்டை மூட விண்ணப்பிப்பவருக்கும் அதே கணக்கைக் காட்ட வேண்டும்.

நான்கு நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு நாளின் நிலுவையைப் பார்த்து மதிப்பிடும்போது, அந்த ஆள் முந்தைய மாதங்களில் முழுதாகக் கட்டினாரா, தள்ளிப்போட்டாரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்கனவே பார்க்கிறீர்கள் என்றால், அதற்கு எவ்வளவு இடம் தருகிறீர்கள் என்று எங்களுக்குப் புரியும்படி எழுதி வெளியிடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. இந்த மடலை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து என் கார்டு பில்லைப் படித்துப் பார்த்தார். "கடைசி நாள்னு போட்டிருக்கே, அதுக்கு முன்னாடிதானே கட்டின?" என்று கேட்டார். அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு கார்டுதாரர்