தாத்தாவின் கத்திக்கு ஒரு மஞ்சள் கல்

கும்பகோணம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, விடுமுறையில் பெல்ஜியத்தின் லியேஜிலிருந்து ரயிலில் வியல்சால்ம் வரை போய்வரப் போவதாகவும், அங்கிருந்து எனக்கு ஏதேனும் வேண்டுமா என்றும் கேட்டாய். நான் சற்று நேரம் பேசாமல் இருந்ததும், இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றாய். இணைப்பு அறவில்லை, அம்மா. அந்த ஊர்ப் பெயரை உன் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு வேண்டியது ஒன்று அங்கே இருக்கிறது. அது என்ன, ஏன் வேண்டும், எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் பாதி நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

உன் தாத்தாவின் சவரப் பையான அடைப்பத்தை நீ சிறுமியாக இருந்தபோது ஒருமுறை பரணிலிருந்து இறக்கிப் பிரித்துவிட்டாய். நான் உன்னைக் கடிந்துகொண்டேன். அந்தக் கோபம் உன்மீது அல்ல என்பதை இப்போது சொல்கிறேன். அதற்குள் தந்த நிறப் பிடி கொண்ட, ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த ஒரு சவரக்கத்தி, ஒரு தோல்வார், நடுவில் தேய்ந்து குதிரைச் சேணம்போல் குழிந்த ஒரு கறுப்புக் கல் ஆகியவை இருந்தன. எனக்குப் பத்தொன்பது வயதானபோது, கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான், தாத்தா மணிக்கணக்கில் அந்தக் கல்லில் கத்தியைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல், அவர் வெளியே போயிருந்த நேரத்தில் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கத்தியைக் கொடுத்தேன். சைக்கிள் சக்கரத்தை மிதித்துச் சாணை சுழற்றும் அந்த மனிதர்மேல் குற்றமில்லை; அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் பழகிய கை அது. தீப்பொறி பறந்தது. இரண்டு நிமிடத்தில் கத்தியின் வாயோரம் மயில்கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்துவிட்டது. எஃகு அப்படி நீலம் பூத்தால் சூட்டில் அதன் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. தாத்தா கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், எண்ணெய்த் துணியில் சுற்றினார், அடைப்பத்தில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கடன் வாங்கிய கத்தியோடு கடைக்குப் போனார். பின்னாளில், 1990களில், ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் வந்தபோது எல்லோரும் போல அவரும் பாதி பிளேடு மாட்டும் கத்திக்கு மாறிக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அந்தக் கத்தியைத் திறந்து பார்க்கத் துணிவு வந்தது. முதலில் சவரக்கத்தியின் அமைப்பைப் புரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஆயின. அரிவாளைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் கோணத்தைக் கத்தியே பிடித்துக்கொள்கிறது: அதைக் கல்லின்மேல் படுக்கப் போட்டால் தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும், முதுகின் கனமும் அலகின் அகலமும் சேர்ந்து ஏறக்குறைய 16, 17 பாகைக் கோணத்தைத் தாமே அமைத்துவிடும். அதனால்தான் கல் சமதளமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். தாத்தாவின் குழிந்த கல் எப்படி வேலை செய்தது என்று கேட்பாய். அவர் முப்பது ஆண்டுகளாக அதே கத்தியை அதே கல்லில் அதே கைவீச்சில் தேய்த்தவர். கத்தியும் கல்லும் ஒன்றுக்கொன்று ஏற்ப வளைந்துகொண்டன. என் கைக்கு அந்த வித்தை வராது. ஆகவே கண்ணாடிப் பலகையின்மேல் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை விரித்து, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் எல்லாம் அழியும்வரை தேய்த்துச் சமன் செய்தேன். கறுப்புச் சேறு ஓடியது. தாத்தாவின் முப்பது ஆண்டு உழைப்பை வழித்துச் சாக்கடையில் விடுவதுபோல் இருந்ததால், அன்று பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் முடித்தேன்.

நீலம் பாய்ந்த பகுதியைச் செயற்கைக் கல்லில் மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டேன். அதனால் அலகின் அகலம் ஒரு நூலளவு குறைந்துவிட்டது, கத்தி பிழைத்துக்கொண்டது. கடைசித் தீட்டலுக்குத்தான் கல் இல்லை. தாத்தாவின் கல் உள்ளே ஒரு விரிசலைக் காட்டுகிறது. அதன் ஓரம் எப்போது கத்தியின் வாயைக் கடிக்குமோ என்ற பயத்தோடு அதில் தீட்ட முடியவில்லை. என் அலுவலக நண்பரின் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஆர்கன்சா கல் ஒன்று என்னிடம் இருக்கிறது. வாசிட்டா மலைப்பகுதியில் வெட்டப்படும் அந்தக் கல் ஏறக்குறைய முழுக்க முழுக்கச் சிலிக்காதான். அதற்கு நோவாகுலைட் என்று பெயர், லத்தீனில் நோவாகுலா என்றால் சவரக்கத்தி. எண்ணெய் தடவித் தீட்ட வேண்டும். நல்ல கல்தான், குறை சொல்லவில்லை. கூர் வருகிறது, ஆனால் அந்தக் கூரோடு சவரம் செய்துகொண்டு குளித்தால் கன்னம் எரிகிறது. அது என் கைப்பிழையாகவும் இருக்கலாம்.

இப்போது வியல்சால்முக்கு வருகிறேன். அதற்குச் சற்றுத் தெற்கே, சால்ம் ஆற்றங்கரையில், சால்ம்ஷாட்டோ என்று ஒரு சிற்றூர் உண்டு. கொட்டிக்கூல் என்ற மஞ்சள் கல்லுக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. ஆர்டென் மலைப்பகுதியின் ஊதாநிறப் பலகைக்கற்களுக்கு நடுவே, பெரும்பாலும் சில சென்டிமீட்டர் கனமே உள்ள மெல்லிய மஞ்சள் படலங்களாக இந்தக் கல் கிடைக்கிறது. ஏறக்குறைய 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்மண், பின்னர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி இப்படி ஆனது. அதன் சிறப்பு உள்ளே இருக்கும் கார்னெட் மணிகள். கன்னியாகுமரி, திருநெல்வேலிக் கடற்கரை மணலில் சிவப்பாக மின்னுமே, அதே இனம். ஆனால் இங்கே ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அவை உடைந்த கண்ணாடிபோல் கூர்முனை கொண்டவை அல்ல. பல முகங்கள் கொண்ட, ஏறக்குறைய உருண்டையான மணிகள். ஆகவே எஃகை ஆழமாகக் கீறாமல் மேலாகச் சுரண்டுகின்றன. அந்தக் கல்லில் தீட்டிய வாய் தோலுக்கு மெத்தென்று இருப்பதாகச் சொல்வதற்குக் காரணம் அதுவே. ஒப்பிட்டுப் பார்: நம் சாணைக்காரரின் சக்கரம் மரபாகக் குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் செய்யப்படுவது. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்ற சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு. அரிவாளுக்கு அது போதும்; சவரக்கத்திக்கு அது யானையைக் கொண்டு பூத்தொடுப்பது போல.

ஜப்பானில் கியோட்டோவின் நருதாகிப் பகுதிக் கற்கள் இதைவிட உயர்ந்தவை என்பாரும் உண்டு. அங்கே நகயாமா போன்ற சுரங்கங்கள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் அவற்றின் விலை என் ஓய்வூதியத்தோடு ஒத்துப்போவதில்லை. அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. வெட்டி மெருகிட்ட நீள்சதுரக் கல்லைக் கேட்காதே; அதற்கு விலை அதிகம். மலையிலிருந்து வந்த உருவத்திலேயே, கோணல்மாணலாக, தீட்டும் முகம் மட்டும் சமன் செய்யப்பட்ட துண்டுகள் இருக்கும். அவற்றைப் பிரெஞ்சில் 'பூ' என்பார்களாம்; துண்டு என்று பொருள். கடைக்காரரிடம் போய்ப் 'பூ வேண்டும்' என்று நம் மொழியில் கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது. கல்லின் அடியில் கருநீலப் பலகைக்கல் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம்; மஞ்சள் கல் எளிதில் உடையக்கூடியது என்பதால் தாங்கலுக்காக அப்படி ஒட்டுவது வழக்கம். சில துண்டுகளில் இயற்கையே அப்படி ஒட்டிவைத்திருக்கும். அது அழகு, அதற்காக அதிக விலை கொடுக்காதே. கல்லைத் தண்ணீரில் நனைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார். முகத்தில் கோடுகளும் நிறத்திட்டுகளும் இருப்பது குற்றமல்ல. ஆனால் நகத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டும்போது ஏதாவது ஒரு கோட்டில் நகம் தட்டுப்பட்டால் அதை வைத்துவிடு. எந்தப் படலத்திலிருந்து எடுத்த கல் என்று பெயர் சொல்லி விலையேற்றினால், புன்னகை செய்து கேட்டுக்கொள், அவ்வளவுதான். என் கத்திக்குப் படலத்தின் பெயர் தெரியாது. இன்னொன்று: அதே கல்லின் சிறு தேய்ப்புத் துண்டு ஒன்றையும் கட்டாயம் கேட்டு வாங்கு.

அந்தத் துண்டு எதற்கென்றால், கொட்டிக்கூலில் எண்ணெய் கூடாது, தண்ணீர்தான். சில துளி விட்டு, துண்டால் தேய்த்தால் பால்போல் ஒரு கரைசல் எழும்பும். அந்தப் பாலில் கார்னெட் மணிகள் விடுபட்டு உருள்வதால் எஃகு விரைவாகத் தேய்கிறது. பால் சாம்பல் நிறமாக மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் கத்தியின் வாய் அந்த மணிகள்மேல் முட்டிக்கொண்டே போவதால், பாலிலேயே நின்றுவிட்டால் கூர் ஓரளவுக்குமேல் ஏறாது. எனவே இருபது வீச்சுக்கு ஒருமுறை விரல்நுனியால் ஒரு துளி தண்ணீர் சேர்த்து, பாலை நீர்மோராக்கி, நீர்மோரைத் தெளிவாக்கி, கடைசியில் வெறும் தண்ணீரில் கையின் கனம்கூட இல்லாமல் முடிக்க வேண்டும். ஒரே கல் முரட்டுக் கல்லாகவும் நயக் கல்லாகவும் இருப்பது இந்தத் தண்ணீர்க் கணக்கில்தான். பிறகு தோல்வாரில் முதுகை முன்விட்டு இழுப்பது. கல்லில் வாய் முன்னே போகும், தோலில் முதுகு முன்னே போகும். தாத்தா இதை வாயால் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனால் தோலில் கத்தி புரளும் 'சட், சட்' ஓசை எனக்கு இன்னும் தெரியும். என் ஓசை அதைவிடச் சற்று மெதுவாக இருக்கிறது.

தாத்தா கல்லில் தண்ணீர் விட்டதில்லை, எச்சில் தொட்டுத்தான் தீட்டுவார். அதைப் பார்த்து நான் கூச்சப்பட்டிருக்கிறேன். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி தீட்டுக்கற்களை எண்ணெய்க்கு உரியவை, தண்ணீருக்கு உரியவை என்று வகைப்படுத்திவிட்டு, சவரக்கடைகளில் எச்சில் தொட்டுத் தீட்டும் கற்களைத் தனி வகையாக எழுதி, அவற்றில் ஸ்பெயின் நாட்டுக் கல் சிறந்தது என்றும் குறித்திருக்கிறார். இதைப் படித்த அன்று தாத்தாவிடம் சொல்ல அவர் இல்லை.

கல்லைக் கைப்பையில் வைக்காதே. மாப்பிள்ளையின் கம்பளிச் சட்டையில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வை. கீழே விழுந்தால் இரண்டாகிவிடும். இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதத் துண்டு வைத்திருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே. 13 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம். கடையில் கல்லை அதன்மேல் வைத்துப் பார். காகிதத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. அடைப்பத்தில் தாத்தா கல் வைத்திருந்த அறையின் அளவு அது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா