பாதி காலியாக ஒரு மேசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "அதெல்லாம் இருக்கட்டும்மா" என்று குறுக்கே விழுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

நீ அனுப்பிய பணம் வந்தது. தொடவில்லை, அப்படியே இருக்கிறது. சந்தையன்று அப்பா போனைத் திருப்பிக் காட்டினாரே, அப்போது நம் மேசை பாதி காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாய். முள்ளங்கி, கீரை, கொத்தமல்லி, போன பருவத்தில் மிஞ்சிய நாலு பூசணி. வேறொன்றும் இல்லைதான். தோட்டம் நொடித்துப்போச்சு என்று நினைத்துவிட்டாயோ என்னவோ. இந்த மாதங்களில் உனக்கு எப்போதும் பரீட்சை இருக்கும். லீவு விட்டு நீ சந்தைக்கு வரும்போது வெள்ளரியும் தக்காளியும் குவிந்து கிடக்கும். காலி மேசையை நீ பார்த்ததே இல்லை.

பனி விலகி வெயில் ஏறுகிற இந்த நேரத்தில், வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு "பச்சைப்பசேல்னு இருக்கே" என்பார்கள். பச்சைதான், பறிக்கத்தான் ஒன்றும் இருக்காது. குளிருக்குப் போட்ட கோஸும் காலிஃபிளவரும் முடிந்துவிட்டன. மிச்சம் நின்ற நாலைந்தும் சூடு பட்டதும் பூத்தண்டு விட்டுவிட்டன. தக்காளி இன்னும் நாற்று வளர்க்கும் குழித்தட்டில் நாலு இலையோடு நிற்கிறது. பூ பிஞ்சானபிறகும் பழுக்க ஒன்றரை மாதம், ரெண்டு மாதம் ஆகும். அவசரப்பட்டு முன்னாலேயே நட்டாலும் லாபமில்லை; ராத்திரிக் குளிர் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமலே கொட்டும். வருஷத்திலேயே வேலை மிஞ்சி, வரவு சுருங்குவது இந்த ரெண்டு மாசம்தான். நாங்கள் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. முந்தின அறுவடையில் இதற்கென்று எடுத்து வைத்துவிடுவோம்.

அப்படியானால் சந்தைக்கு எதற்குப் போகிறீர்கள் என்று கேட்பாய். நாலு வாரம் போகாமல் இருந்து பார். நம்மிடம் வாங்கிப் பழகிய கால்கள் வேறு மேசைக்குப் பழகிவிடும். அப்புறம் தக்காளி மலையாகக் குவிந்தாலும் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டியிருக்கும். அதனால்தான் முள்ளங்கியை ஒரே தடவையில் விதைக்காமல் பத்து நாளைக்கு ஒரு பாத்தியாகப் போடுகிறேன். 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும்; விட்டுவைத்தால் உள்ளே பஞ்சுபோல நெட்டி பாய்ந்து யாருக்கும் ஆகாது. கீரையை வெயில் வருமுன் இருட்டோடு அறுத்து, ஈரச்சாக்கு போர்த்தி எடுத்துப் போகிறோம். மேசையின் மறுபாதியில் இப்போது நாற்று வைக்கிறோம். வீட்டில் ரெண்டு தொட்டி வைத்திருப்பவர்கள் மிளகாய் நாற்று, கத்தரி நாற்று என்று கேட்டு வாங்குகிறார்கள். நீ போனில் பார்த்தபோது அதெல்லாம் விற்றுப்போய்த் தட்டு மட்டும் கீழே கிடந்தது. அப்பாவுக்கு அதைக் காட்டத் தெரியவில்லை.

தட்டுகளைத் தினமும் காலையில் வெளியே வைத்து, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுப்பது அவர் வேலை. ஒரு வாரம், பத்து நாள் வெயிலும் காற்றும் இப்படிப் பழக்காமல் நட்டால் இலை வெளுத்துச் சாய்ந்துவிடும். முதுகுவலி இதனால்தான், வயசால் இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

என் பங்குக்கு ஒரு கூத்து நடந்தது. உனக்கு ஏழு வயசில் ஈரத்துணியில் பத்து விதையைச் சுருட்டி வைத்து முளைப்பு எண்ணச் சொல்லிக் கொடுத்தேனே, அந்த நான்தான் இந்த வருஷம் பழைய வெங்காய விதையைச் சோதிக்காமல் நாலு பாத்தியில் தூவினேன். தக்காளி விதை நாலு வருஷம் கிடந்தாலும் முளைக்கும், வெங்காயம் ஒரு வருஷம் தாண்டினால் நம்பக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். மூன்று வாரம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். முளைத்தது களைதான், அதுவும் என்ன செழிப்பு! அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் அந்தப் பாத்திகிட்ட போய்க் குனிந்து பார்த்துவிட்டு மட்டும் வந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பட்டாணியில் அசுவினிப் பூச்சி வந்தது. மருந்தடிக்கலாமா என்று ரெண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் பொறிவண்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றின் குஞ்சுப் புழுக்களும் தண்டு தண்டாக ஏறி அசுவினியை மேய்ந்துகொண்டிருக்கின்றன. விட்டுவிட்டேன்.

பணத்தைத் திருப்பி அனுப்பினால் நீ கோபிப்பாய் என்று அப்பா சொல்கிறார். கோபித்துக்கொள், அடுத்த வாரம் அனுப்பிவிடுவோம். அதை வைத்து லீவு எடுத்துக்கொண்டு தக்காளி பறிக்கும் நேரத்துக்கு வந்தாயானால் எனக்கு ரெண்டு கை மிச்சம்.

இப்போது அவசரமான விஷயம். நீ லீவில் எழுதிவைத்த தோட்ட நோட்டில், வெள்ளரிக்கு மூன்றாவது வரிசையில் சிவப்பு மையால் ரெண்டு வட்டம் போட்டிருக்கிறாய். அந்தக் கொடியிலிருந்து எடுத்த விதைப் பொட்டலத்திலும் அதே ரெண்டு வட்டம். நன்றாகக் காய்த்த கொடி, அதனால்தான் விதை எடுத்தாள் என்கிறார் அப்பா. அந்த வரிசையில் ஒரு கொடி கசந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நட்டுவிடாதே என்று குறித்திருப்பாய் என்கிறேன் நான். கசந்த விதையைப் போட்டு, வாங்கினவர்கள் திரும்பி வந்து நின்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மண் பதமாக இருக்கிறது, இந்த வாரம் ஊன்றியாக வேண்டும். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அந்த வட்டத்தைச் சொல்.

அம்மா