21 வயது ஆகாதவர்களுக்கான நன்னடத்தைப் பிணை

ஆசிரியருக்கு,

18 வயது முடிந்தபின் செய்த குற்றம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகாது, பெரியவர்களுக்கான நீதிமன்றம்தான். ஆனாலும் 21 வயதாகும்வரை 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு கைகொடுக்கிறது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், நன்னடத்தை அலுவலரின் (குற்றவாளியின் பின்னணியை விசாரித்துச் சொல்பவர், வெளியே விட்டபின் கண்காணிப்பவரும் இவரே) அறிக்கையைக் கேட்டுப் பெறாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் காரணத்தை எழுத வேண்டும். வயதைப் பார்ப்பது குற்றம் நடந்த நாளை வைத்தல்ல, விசாரணை நீதிமன்றம் தண்டனை சொல்லும் நாளை வைத்து. 19 வயதில் கைதானவனின் வழக்கு இழுத்தடித்து 22-இல் முடிந்தால் இந்தப் பாதுகாப்பு போயிற்று. (வாய்தா வாங்குவதையே திறமையாக நினைக்கும் வழக்கறிஞர்கள் கவனிக்க.)

சிறைக்குப் பதிலாக, ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுவிப்பதுதான் நன்னடத்தைப் பிணை. அப்படி விட்டபின் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்பதுதான் பெரிய கவலை. பிணைக்காலம் 3 ஆண்டு வரை. கண்காணிப்பு உத்தரவு போட்டால் குறைந்தது ஓராண்டு. அது பல இடங்களில் மாதம் ஒரு கையெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கையெழுத்துப் போட வா என்றால், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் பையனுக்கு அன்றைய கூலி போகும். நாலு முறை லீவு கேட்டால் வேலையே போகும். வேலை தேடித்தர முயல்வதும் அலுவலரின் கடமை என்று 14-ஆம் பிரிவு சொல்லும்போது, இருக்கிற வேலையை நாமே கெடுக்கலாமா? மாலையில் பட்டறைக்கே போய்ப் பார்க்கலாம். தடுமாற்றம் அதிகம் உள்ள முதல் 3 மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்று தளர்த்துவதே பொருத்தம்.

நிபந்தனைகளும் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும். ‘கெட்ட சகவாசம் கூடாது’ என்று எழுதினால், கூட்டாளி அடுத்த வீட்டிலேயே இருப்பவன் என்ன செய்வான்? ‘இரவு 9 மணிக்குமேல் வீட்டில் இருக்க வேண்டும்’ என்றால் சரிபார்க்க முடியும்.

தவறினால் உடனே வாரன்ட் கேட்பது அவசரம். முதல் மீறலுக்கு 50 ரூபாய் வரை தண்டம் விதித்துப் பிணையைத் தொடரவிட 9-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிபந்தனையே பொருந்தவில்லை என்றால் 8-ஆம் பிரிவின்கீழ் மாற்றக் கோரலாம். ஒழுங்காக நடப்பவனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கக் கோரவும் அதே பிரிவில் வழி உண்டு. அந்த மனுவை எழுத அலுவலர்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்?

இப்படிக்கு,
நன்னடத்தைக் கண்காணிப்புப் பணியில் இருந்தோர்