பின்சீட்டில் இருப்பவர்களுக்காக ஒரு மடல்

சின்னக் குடும்பக் கார்களை வடிவமைக்கும் ஜப்பானிய நிறுவனங்களுக்கு,

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. ஐந்து பேருக்கும் ஒரே வாகனம், 2008ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ், ஆயிரம் சிசி எஞ்சின். மூத்தவன் பிறந்த வருடம் ரீகண்டிஷனாக, அதாவது ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியானதாக, வாங்கியது. இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. "இதுக்குச் செலவழிக்கிற காசைப் புதுசுக்குச் சேருங்கோ அக்கா" என்று கராஜ் பாஸ் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது சரிதான். எதை வாங்குவது என்பதில்தான் நிற்கிறோம்.

முதல் விட்ஸ் 1999இல் வந்தது. 2005இல் இரண்டாவது, 2010 கடைசியில் மூன்றாவது. 2020 பெப்ரவரியில் ஜப்பானில் விட்ஸ் என்ற பெயரையே எடுத்துவிட்டு, யாரிஸ் என்ற பெயரில் அடுத்த மாடலை இறக்கினார்கள். அதற்கு அடுத்த மாதமே இலங்கையில் வாகன இறக்குமதி நின்றுபோனது. தனியார் கார்களுக்கு வழி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனத்தை வைத்துக் காப்பாற்றியவர்கள் நாங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்த காலத்தில், அம்மாவின் கிளினிக்கையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் அந்த 20 லீற்றருக்குள் முடித்துக்கொடுத்தது இந்த விட்ஸ்தான்.

சரி, இப்போது கதவு திறந்துவிட்டதே என்று போன மாதம் எல்லோரும் ஒன்றாகப் புதுக் கார் பார்க்கப் போனோம். எந்த நிறுவனத்தின் கார் என்று இங்கே எழுதவில்லை. வெளியில் நல்ல அழகு. முன்சீட்டில் இருந்து பார்த்த கணவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு அம்மா பின்கதவைத் திறந்தார்.

அம்மாவுக்கு ஒரு முழங்காலில் ஆபரேஷன் செய்தது. காரில் ஏற அவருக்கென்று ஒரு முறை உண்டு. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையால் சீட்டின் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். அப்படியே மெல்ல உட்காருவார். சேலைத் தலைப்பை மடிக்குள் எடுத்துக்கொள்வார். அதன் பிறகு நல்ல காலை உள்ளே வைத்து, மற்றக் காலை இரண்டு கையாலும் தூக்கி எடுப்பார். விட்ஸில் இதற்கு அரை நிமிடம் போதும். சீட் அவருடைய இடுப்புக்குச் சரியான உயரம், கூரையும் தலையில் இடிக்காது. அந்தப் புதுக் காரில் கூரை பின்பக்கம் சரிந்து வந்திருந்தது. குனிந்தார், நெற்றி கதவுச் சட்டத்தில் பட்டது. இன்னும் குனிந்தார், முழங்கால் விடவில்லை. "பரவாயில்லை பிள்ளை, நான் ஓட்டோவில வாறன்" என்றார். அன்று நாங்கள் வேறெதையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் நாட்டு நிலைமை எனக்கும் கொஞ்சம் விளங்குகிறது. அங்கே இந்த அளவுக் காரை வாங்குபவர்களில் நிறையப் பேர் தனி ஆட்கள், அல்லது இரண்டு பேர். அவர்களுக்குப் பின்சீட் பை வைக்கிற இடம். குடும்பக்காரர்கள் மினி வானுக்கோ, ஹொண்டா என்-பொக்ஸ் மாதிரியான உயரமான கெய் காருக்கோ (உங்கள் நாட்டின் மிகச் சின்னக் கார் வகை) போய்விடுகிறார்கள். அந்த உயரமான காரில் பின்கதவு பக்கவாட்டில் இழுத்துத் திறப்பது, கூரை உயரம். அம்மாவுக்கு அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் கெய் காரில் சட்டப்படி நான்கு பேர்தான் இருக்கலாம், அகலமும் 1.48 மீற்றருக்குள். நாங்கள் ஐந்து பேர். மினி வான் எங்கள் கைக்கு எட்டாத விலை. ஆகவே உங்கள் தனி ஆட்களின் கார்தான் இங்கே முழுக் குடும்பத்தின் கார்.

அதனால்தான் அடுத்த மாடலை இவ்வளவு எதிர்பார்க்கிறேன். விட்ஸும் யாரிஸும் மாறி வந்த கணக்கைப் பார்த்தால், ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறையோ, மிஞ்சினால் ஒன்பது வருடத்திலோ புதியது வந்திருக்கிறது. உங்களில் யாரோ ஒருவர் இப்போது அடுத்த சின்னக் காரின் பின்கதவை வரைந்துகொண்டிருப்பீர்கள். அவருக்குத்தான் இந்த மடல்.

நீளத்தை இன்னும் கூட்டச் சொல்லிக் கேட்கவில்லை. எங்கள் விட்ஸ் ஏறக்குறைய 3.8 மீற்றர், 2020இல் வந்த யாரிஸ் 3.94 மீற்றர். அந்தக் கூடுதல் நீளமே போதும். அகலத்தைத் தயவுசெய்து கூட்ட வேண்டாம். உங்கள் நாட்டில் சின்னக் காருக்கான 1.7 மீற்றர் எல்லை எங்களுக்கும் நல்லது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற எங்கள் ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் வாகனம் நிற்கும், நடுவில் பள்ளிக்கூட வான் வரும். கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகிற இடங்கள் அவை. கேட்பதெல்லாம் கூரையைக் கடைசிவரை நேராகக் கொண்டுபோங்கள், பின்கதவை அகலமாகத் திறக்க விடுங்கள் என்பதுதான். இது செய்ய முடியாத காரியம் இல்லை. ஹொண்டா ஃபிட்டில் பெற்றோல் டாங்கியை முன்சீட்டுக்குக் கீழே வைத்து, பின்பக்கம் முழுவதையும் ஆட்களுக்கும் சாமானுக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல மூளை அது.

பின் ஜன்னலையும் பாருங்கள். இப்போது வருகிற கார்களில் ஜன்னலின் கீழ்விளிம்பு பின்னால் போகப்போக மேலே ஏறுகிறது. ஒன்பது வயது மகள் உட்கார்ந்தால் அவளுக்கு வெளியே தெரிவது வானமும் லைட் போஸ்டும்தான். வருடத்துக்கு இரண்டு தடவை யாழ்ப்பாணம் போகிறோம், ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெளியே பார்க்க முடியாத பிள்ளைக்குப் புத்தளம் தாண்டுவதற்குள் வாந்தி வரும். ஏசியும் முன்னால் இருப்பவருக்கு மட்டும் குளிர்கிறது. நடுப்பகலில் பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கி இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கொழும்பு வெயிலில் இருந்து பாருங்கள்.

அப்புறம் ஸ்பெயார் வீல். அதை எடுத்துவிட்டு ஒரு பசைப் போத்தலும் பம்பும் வைத்துத் தருகிற வழக்கம் வந்திருக்கிறது. ஒரு தடவை யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது, மதவாச்சிக்கு அப்பால் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. அந்தக் கிழிசலுக்குப் பசை உதவாது. டிக்கியிலிருந்த பனங்கட்டிப் பெட்டியையெல்லாம் வீதியோரம் இறக்கி வைத்து, அடியிலிருந்த ஸ்பெயாரை எடுத்துப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

எஞ்சினைப் பற்றி ஒன்றே ஒன்று. ஹைபிரிட் என்றாலும் இங்கே தீர்வை சிசியைப் பார்த்துத்தான் ஏறுகிறது, அதற்கு மேல் 18 சதவீதம் வற் வரியும் வருகிறது. நீங்கள் 1500 சிசியில் செய்கிற ஹைபிரிட்டை ஆயிரத்துக்குள் செய்து தந்தால், எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் லீசிங்கிலாவது எடுப்போம்.

விட்ஸுக்கு இந்த வருட லைசென்ஸும் இன்சூரன்ஸும் புதுப்பித்தாயிற்று. அடுத்த மாடலின் படம் வெளியே வருகிற அன்று கணவர் முன்பக்கத்தைப் பார்ப்பார். நான் பின்கதவு திறந்திருக்கிற படத்தைத் தேடுவேன். அம்மாவிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு விட்ஸ் குடும்பத்துக்காரி