88 மைல் வேகம்

பினாங்கு

அன்பு மகனுக்கு,

போலீஸ் உனக்குக் கொடுத்த சீட்டை நீ படமெடுத்து அனுப்பியதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அனுமதித்த வேகம் 70, நீ போன வேகம் 88. "பதினெட்டு மைல்தானே அப்பா, பணத்தைக் கட்டினால் முடிந்தது" என்று கீழே எழுதியிருக்கிறாய்.

முடியாது, தம்பி. இங்கே பட்டர்வொர்த்தில் ஏறி ஈப்போ போகும் வழியில் கேமராவில் சிக்கினால் வீட்டுக்கு ஒரு சம்மன் வரும். முன்பெல்லாம் அபராதத்தில் கழிவு அறிவிக்கும்வரை காத்திருந்து கட்டுவோம். அந்தப் பழக்கத்தில் பேசுகிறாய். நீ இருக்கும் அமெரிக்க மாநிலமான வெர்ஜீனியாவில் வேக எல்லையை 20 மைல் தாண்டினால் அது பொறுப்பற்ற ஓட்டுதல் என்ற குற்றம். எல்லை எதுவானாலும் 85ஐத் தாண்டினாலும் அதே குற்றம்தான். 2020 வரை அந்த வரம்பு 80 ஆக இருந்ததாம். முதல் விதியில் தப்பி இரண்டாவதில் மாட்டிக்கொண்டாய். நம் மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவிலும் வேகம் வருகிறது. ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில் அது மக்களுக்கு ஆபத்தாக இருந்ததா என்று பார்க்கவேண்டும். உன் வழக்கில் சாலை காலியாக இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. 88 என்ற எண்ணே போதும்.

இது குற்றவியல் வழக்கு. சட்டப்படி 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை உரிமம் முடக்கம். முதல் தடவை, இந்த வேகத்துக்கு, சிறைக்கு அனுப்புவது அரிது. எனக்குக் கவலை அதுவல்ல. தீர்ப்பு உன் ஓட்டுநர் பதிவில் 11 ஆண்டுகள் இருக்கும். குற்றப் பதிவிலும் ஏறும். அடுத்த விசா விண்ணப்பத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி உண்டு.

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலமெல்லாம் இதைத்தான் பார்த்தேன். குற்றச்சாட்டை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் "ஒத்துக்கொள்கிறேன் ஐயா" என்பார்கள். வெளியே லாரி நிற்கும், முதலாளி அரை நாள்தான் விடுமுறை கொடுத்திருப்பார். இன்னும் சிலர் யாரும் கேட்காத கதையைச் சொல்வார்கள். அவசரமாகப் போனேன், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று. அவசரமாகப் போனதை அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று! விமானத்தைப் பிடிக்க ஓடினேன் என்ற உன் கதையும் அந்த ரகம்தான். அதை வழக்கறிஞரிடம் மட்டும் சொல்.

வழக்கறிஞர் அந்த மாவட்ட நீதிமன்றத்துக்கு அன்றாடம் போய்வருபவராக இருக்கட்டும். பெரிய நகரத்துப் பெயர் பலகை வேண்டாம். விசாரணைக்கு முன் காரின் வேகமானியைச் சோதித்துச் சான்று வாங்கு. முள் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டியிருந்தால் நீதிபதி அதைப் பார்ப்பார். எட்டு மணி நேர ஓட்டுநர் வகுப்பையும் முடித்துவிடு. குற்றச்சாட்டை முறையற்ற ஓட்டுதலாகக் குறைக்க முடியுமா என்று கேட்கச் சொல். அது கிடைத்தால் 500 டாலர் வரை அபராதத்தோடு போய்விடும், குற்றப் பதிவு இல்லை. கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குப் பத்து நாள்தான்.

இவ்வளவும் சொல்வதால் உன் பக்கம் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. 88 மைல் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 142 கிலோமீட்டர். 2019 ஜனவரியில் பினாங்குப் பாலத்தில் இரண்டு கார்கள் மோதி ஒன்று கடலில் விழுந்ததே, நினைவிருக்கிறதா? அதைத் தேடி எடுக்கும்வரை ஊரே பேச்சற்றுப் போயிருந்தது. அப்போது நீயும் இங்கேதான் இருந்தாய். எந்த விமானத்துக்காக இந்த ஓட்டம்?

வழக்கறிஞர் கட்டணத்தில் பாதியை நான் அனுப்புகிறேன். மீதி உன்னுடையது, கட்டும்போது வலிக்கட்டும்.

அம்மாவிடம் வெறும் அபராதம் என்று சொல்லி வைத்திருக்கிறாய். அதற்கே தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். சனிக்கிழமை கூப்பிடும்போது முழுவதையும் நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா