காமராஜர் வீட்டுல போட்டோ இருக்கு, குரலும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைவர்களோட நினைவு இல்லங்கள் பத்தி உங்க பத்திரிகையில வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு. ஆனா விருதுநகர் காமராஜர் வீட்டைப் பத்தி ரெண்டே வரியில முடிச்சிட்டாங்க, அதான் மனசு கேக்காம இதை எழுதுறேன். போன லீவுல குடும்பத்தோட அங்க போயிட்டு வந்தோம்.

பஜார்ல இருந்து உள்ள போனா வீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிற குறுகலான தெரு, அதுல ஒரு சின்ன வீடு. 1903 ஜூலை 15ல அவர் பிறந்த இடம். சுவர்ல வரிசையா போட்டோ மாட்டி வச்சிருக்காங்க, நின்னு பாக்காம நடந்தா கொஞ்ச நேரத்துல வெளிய வந்துடலாம். எங்களுக்கு முன்னாடி போன ஒரு பையன் அவங்கப்பாகிட்ட "சி.எம் வீடு இவ்ளோதானாப்பா"ன்னு கேட்டான். அவரும் "ஆமாடா இவ்ளோதான்"னு சொல்லிட்டு அடுத்த போட்டோவுக்குப் போயிட்டார். எனக்கு அந்தப் பையனை அங்கயே உக்கார வச்சு முழுசா சொல்லணும் போல இருந்துச்சு சார்.

1954ல இருந்து 1963 வரைக்கும் மகன் முதலமைச்சர், அம்மா சிவகாமி அம்மாள் இருந்தது இந்த வீட்டுலதான். சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கல. முதலமைச்சரோட அம்மாவாச்சேன்னு வீட்டுக்கே தனியா தண்ணிக் குழாய் போட்டுக் குடுத்ததையும், தெருவுல எல்லாரும் பிடிக்கிற இடத்துல பிடிச்சாப் போதும்னு அவர் எடுக்கச் சொல்லிட்டார்ங்கிறதையும் எங்க பக்கம் சொல்லாத ஆள் கிடையாது. இதுல இன்னொண்ணு, அவர் ஜெயில்ல இருக்கும்போதே 1941ல அவரைத் தலைவரா தேர்ந்தெடுத்த நகராட்சி விருதுநகர் நகராட்சி, வெளிய வந்ததும் எனக்கு இது வேணாம்னு ராஜினாமா பண்ணிட்டு கட்சி வேலைக்குப் போயிட்டார். அப்படிப்பட்ட மனுஷன் சொந்த ஊர்ல அம்மாவுக்குன்னு ஒரு குழாயை விட்டு வைப்பாரா? இதெல்லாம் தெரிஞ்சுட்டு அந்த வீட்டுக்குள்ள நின்னா "இவ்ளோதானா"ன்னு கேக்கத் தோணாது, வீடு சின்னதா இருக்கிறதுதான் அங்க பாக்க வேண்டிய விஷயமே. அதனாலதான் நினைவு இல்லத்தையெல்லாம் பெருசாக்கி ஏசி ஹாலா மாத்தணும்னு யாராவது பேசினா எனக்கு பதறுது. தயவுசெஞ்சு அந்த வீட்டை அப்படியே விட்டுடுங்க.

அவர் படிச்சது அந்த ஊர் க்ஷத்ரிய வித்யாசாலாவுல. வீட்டுக்கு வீடு உலை வைக்கிறப்ப ஒரு பிடி அரிசி எடுத்து வச்சு, அதைச் சேத்து நடத்தின பள்ளிக்கூடம் அது. அப்பா சீக்கிரமே இறந்துட்டதால படிப்பு பாதியில நின்னுபோச்சு, மாமா ஜவுளிக்கடையில வேலைக்குப் போனார். பிடி அரிசியில படிச்ச அந்தப் பையன்தான் பின்னாடி முதலமைச்சராகி 1956ல பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு போட ஆரம்பிச்சார், அதுவும் மொதல்ல ஊர் ஜனங்க குடுத்த நன்கொடையையும் சேத்து நடத்தினதுதான்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவங்க இன்னும் நம்ம கூட இருக்காங்க. எங்க பெரியம்மா சாத்தூர் பக்கம் ஒரு கிராமம், அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. மஞ்சப்பையில சிலேட்டோட ஒரு அலுமினியத் தட்டும் போகுமாம், தட்டு மாறிடக் கூடாதுன்னு அடியில ஆணியால புள்ளி புள்ளியா குத்தி பேர் போட்டிருப்பாங்களாம். மணி அடிச்சதும் வேப்பமரத்தடியில வரிசையா உக்காருவாங்களாம், யார் வீட்டுப் பிள்ளை யார் பக்கத்துல உக்காரணும்னு எந்த வாத்தியாரும் பாக்க மாட்டாராம். சாப்பாடு இல்லேன்னா எங்கய்யா என்னை தீப்பெட்டி ஒட்டத்தான் அனுப்பிருப்பாரு, கையெழுத்து போடத் தெரியுதுன்னா அந்தச் சோறுதான்னு இப்பவும் சொல்லுவாங்க. சொல்றப்பவே கண்ணு கலங்கிடும்.

இந்த மாதிரி ஆளுங்க ஊருக்கு ஊர் இருக்காங்க, எல்லாருக்கும் எழுபதைத் தாண்டிருச்சு, வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வர்றாங்க. அவங்க பேசுறதை ரெக்கார்ட் பண்ணி விருதுநகர் வீட்டுல வைக்கணும்ங்கிறதுதான் என்னோட கோரிக்கை. பெரிய செலவு ஒண்ணும் இல்ல, ஒரு செல்போன் போதும், பக்கத்துக் காலேஜ் பிள்ளைங்களை விட்டாலே ஒரு வருஷத்துல நூத்துக்கணக்குல சேத்துடுவாங்க. வீட்டுல ஒரு மூலையில பட்டனை அமுக்கினா ஒரு பாட்டி குரல்ல அந்தத் தட்டுக் கதை கேக்கணும். கேள்வி கேட்ட அந்தப் பையன் மாதிரி பிள்ளைங்க அதைக் கேட்டா போட்டோவைத் தாண்டிப் போக மாட்டாங்க.

இதே ஏற்பாட்டை சென்னை தி.நகர் திருமலைப் பிள்ளை சாலை வீட்டுலயும் பண்ணலாம். அவர் கடைசி வரைக்கும் வாடகைக்கு இருந்த வீடு அது, 1975 அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்னிக்கு உயிர் பிரிஞ்சதும் அங்கதான். அதுக்கு அப்புறம்தான் அரசாங்கம் அதை நினைவு இல்லமா ஆக்குச்சு. ஒம்பது வருஷம் முதலமைச்சரா இருந்தவர், நேருவுக்கு அப்புறமும் சாஸ்திரிக்கு அப்புறமும் யார் பிரதமர்ங்கிறதுல முக்கியப் பங்கு இருந்தவர், சொந்தமா ஒரு வீடு வாங்கிக்கல. ஷாப்பிங்குக்கு தி.நகர் போறவங்கள்ல பாதிப் பேருக்கு அந்த வீடு அங்க இருக்கிறதே தெரியாதுன்னு நினைக்கும்போது வருத்தமா இருக்கு.

செய்தி மக்கள் தொடர்புத் துறைதான் இந்த நினைவு இல்லங்களைப் பாத்துக்குது, அவங்க மனசு வச்சா முடியும். அதுவரைக்கும் காத்திருக்காம உங்க பத்திரிகையே அந்தக் காலத்துல மதியச் சாப்பாடு சாப்பிட்டவங்க எழுதலாம்னு ஒரு அறிவிப்பு போட்டுப் பாருங்க சார், எழுத முடியாதவங்களுக்கு பேரப்பிள்ளைங்க எழுதித் தருவாங்க. வர்ற ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது. மொத ஆளா பேச எங்க பெரியம்மா ரெடியா இருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
மதுரை