பேராயருக்கு அரசியல் எதற்கு என்று கேட்ட நண்பருக்கு

பொறையாறு

அன்புள்ள நண்பர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடி நாளிதழ் வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் மகிழ்ச்சி. இங்கே கடைமடை வரை தண்ணீர் வந்து சம்பா நடவு முடிந்துவிட்டது. வாய்க்கால் சரியாக வடிந்தால் ஐப்பசி மழைக்குப் பயிர் தப்பும். வீட்டில் எல்லோரும் நலம்.

திருச்சபைத் தலைவர்கள் அரசியலில் வாய் திறக்கவே கூடாது என்று, மார்ட்டின் லூத்தர் வழிவந்த லுத்தரன் சபையிலேயே பிறந்து வளர்ந்த நீங்கள் அவ்வளவு கடுமையாக எழுதியதைப் படித்தபோது, சபைக்கு வெளியே இருப்பவனான எனக்கு நார்வே நாட்டுப் பேராயர் ஐவின் பெர்க்ராவ் நினைவுக்கு வந்தார். ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியாரின் பழக்கம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1884இல் பிறந்த அவர் பத்திரிகை ஆசிரியராகவும் சிறைச்சாலைக் குருவாகவும் இருந்து, 1928இல் வடகோடி ஹோலகாலாந்து மறைமாவட்டத்துக்கும் 1937இல் தலைநகர் ஓஸ்லோவுக்கும் பேராயர் ஆனவர். உலகப் போர் மூண்டதும் சமாதானத்துக்கு வழி தேடி லண்டனுக்கும் பெர்லினுக்கும் போய், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸையும் ஹிட்லரின் வலக்கையான கோரிங்கையும் நேரில் கண்டு பேசினார். பலன் ஒன்றுமில்லை. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது. அந்த வாரமே அவர் வானொலியில், படையில் சேராத குடிமக்கள் சண்டையில் இறங்க வேண்டாம் என்று எச்சரித்தார். உயிர்ச்சேதத்துக்கு அஞ்சிச் சொன்னார் என்றாலும், எதிரிக்குச் சாதகமாகப் பேசினார் என்ற பழி அவரை வெகுநாள் விடவில்லை. என் கணிப்பில் அந்தப் பேச்சு பிசகுதான். உங்கள் வாதத்துக்கு வலுவான சாட்சி வேண்டுமென்றால் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்நாளில் நார்வேயில் லுத்தரன் சபை அரசின் சபையாக இருந்தது; பேராயர்கள் அரசு ஊழியர்களாக இருந்தார்கள், சம்பளம் கருவூலத்திலிருந்து வந்தது. ஆகவே ஆட்சியைக் கைப்பற்றியவன் சபையையும் தன் இலாகாக்களில் ஒன்றாகவே எண்ணினான். 1942 பிப்ரவரி 1 அன்று, ஜெர்மானியரின் கைப்பாவையான நார்வேக்காரன் க்விஸ்லிங் பிரதம மந்திரியாகப் பதவியேற்றபோது, ட்ரொண்ட்ஹெய்ம் நகரின் நிடாரோஸ் பேராலயத்தில் காலை ஆராதனையை அவனுக்கு வேண்டிய குரு ஒருவர் நடத்தினார். பேராலயத்தின் தலைமைக் குரு ஃபியெல்பூ பிற்பகலில் தம் ஆராதனையை வைத்துக்கொண்டார். அதற்கு வந்த கூட்டத்தைப் போலீசார் வாசலில் தடுத்தார்கள். உள்ளே போக முடியாதவர்கள் கலைந்து போகாமல், அந்தக் கடுங்குளிரில் வெளியே நின்றபடியே, கடவுளைக் கோட்டையென்று போற்றும் லூத்தரின் பாட்டைப் பாடினார்கள். ஃபியெல்பூவின் பதவி பறிக்கப்பட்டது. அதே மாதம், பத்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவரும் ஆளுங்கட்சியின் இளைஞர் அமைப்பில் சேர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆசிரியர்கள் மறுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அவர்களில் ஏறத்தாழ ஐந்நூறு பேரைக் கப்பலேற்றி, நாட்டின் வடகோடியில் உள்ள கிர்கெனெஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். நாம் இருவரும் ஆயுள் முழுக்கச் சாக்கட்டி பிடித்தவர்கள் என்பதால் இந்த ஒரு செய்தியை உங்களுக்கு அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

பிப்ரவரி 24 அன்று பேராயர்கள் அனைவரும் தங்கள் அரசுப் பதவியைத் துறந்தார்கள். அரசு கொடுத்த நிர்வாகப் பொறுப்பைத் திருப்பித் தருகிறோம், பலிபீடத்தின் முன் அபிஷேகத்தில் பெற்ற ஊழியம் அரசு கொடுத்ததன்று, ஆகையால் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை அரசுக்கு இல்லை என்பது அவர்கள் நிலை. ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, 'திருச்சபையின் அடித்தளம்' என்ற அறிக்கையை நாடெங்கும் ஆலயங்களில் வாசித்துவிட்டு, குருமாரில் பெரும்பாலோரும் அதே வழியில் விலகினார்கள். சம்பளம் நின்றது, சபையார் கைக்காசு போட்டு அவர்களைக் காப்பாற்றினார்கள், ஞானஸ்நானமும் நற்கருணையும் அடக்க ஆராதனையும் நடந்துகொண்டே இருந்தன. அரசின் கையில் மிஞ்சியவை ஆளில்லாத ஆலயங்கள்.

அடுத்த சில நாட்களில் பெர்க்ராவ் கைது செய்யப்பட்டார். முன்பு கைதிகளுக்குப் பிரசங்கம் செய்தவர் இப்போது கைதி. அவர் தலை தப்பியதில் ஜெர்மன் ராணுவ உளவுத் துறையிலேயே இருந்துகொண்டு ஹிட்லரை எதிர்த்தவர்களுக்கும் பங்குண்டு. மோல்ட்கேயும், லுத்தரன் குருவான போன்ஹோஃபரும் இதற்காகவே ஓஸ்லோவுக்கு வந்து போனார்கள். பிறகு 1945 ஏப்ரல் வரை ஆஸ்கர் என்னும் ஊரில் ஒரு மரக்குடிலில் காவலில் இருந்தார். காவலர்கள் அவரிடம் நேசமாகிவிடவே, அவர் மாறுவேடத்தில் நழுவி ஓஸ்லோவுக்குப் போய், தலைமறைவாக இயங்கிய சபைத் தலைவர்களைச் சந்தித்துத் திரும்பியதும் உண்டு.

'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்' என்ற ரோமர் நிருப வசனத்தை நீங்கள் எடுத்துக்காட்டுவீர்கள். க்விஸ்லிங் தரப்பும் அதைத்தான் ஓதியது. பெர்க்ராவ் லூத்தரையே துணைக்கு அழைத்தார்: வண்டியோட்டி புத்தி பேதலித்துப் பாதையை விட்டு ஓட்டினால், உள்ளே இருப்பவன் கயிற்றைப் பிடுங்க வேண்டாமா? சட்டத்தை மிதிக்கும் அரசுக்குக் கீழ்ப்படிவதே பாவம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். போர் முடிந்த பின்னும் இதை விடவில்லை. 1952இல் ஹானோவரில் கூடிய உலக லுத்தரன் மாநாட்டில், மக்களின் முழு வாழ்வையும் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்கும் எந்த அரசிடமும் சபை விழிப்பாக இருக்க வேண்டும் என்று பேசினார். 1959இல் காலமானார்.

நம் ஊருக்கும் இதில் உறவுண்டு. தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில், கிரீடத்தோடு கூடிய நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அவர் டென்மார்க்குக்கு மட்டுமல்ல, நார்வேக்கும் அரசர். அவர் அனுப்பிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவை, ஏழைக் கைம்பெண் ஒருத்திக்காக ஒரு கடன் வழக்கில் பேசியதைத் தொட்டு, அந்த அரசரின் தளபதியே 1708இல் டேனிஷ் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தான். அரசனின் முத்திரையோடு வந்தவருக்கே அந்தக் கதி.

ஆகவே நண்பரே, பேராயர் அரசியல் பேசலாமா என்று நான் கேட்கமாட்டேன். பேசும்போது அவர் எதைப் பெறுகிறார், எதை இழக்கிறார் என்று பார்ப்பேன். பதவிக்கும் மானியத்துக்கும் அறக்கட்டளை நிலத்துக்கும் ஆளுங்கட்சியை அண்டுகிறவரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சம்மதம். பெர்க்ராவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எனக்கு இன்னும் தீராதது உங்கள் தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் விஷயம். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஹைதர் அலியிடம் தூது போனதும் அவர்தான், சரபோஜிக்குக் காவலாக நின்றதும் அவர்தான். அவரை எந்தப் பக்கம் வைப்பது? தஞ்சாவூர்ச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் அவர் அருகே சரபோஜி நிற்கும் சலவைக்கல் சிற்பத்தை நீங்கள் வாரந்தோறும் பார்க்கிறவர். உங்கள் தீர்ப்பை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். கண்ணுக்குச் சிரமமென்றால் பேரனிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள நண்பன்